டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதப்படாத வைத்தியம்

பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒருவரின் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிப் படித்துப் பாருங்கள். இரத்த அழுத்த மாத்திரை காலையில் எத்தனை, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை இரவில் எத்தனை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, அடுத்து எந்தத் தேதியில் எந்த ஓ.பி.க்கு வர வேண்டும் என்பதெல்லாம் அதில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்கும். அவரை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், வாயை எதைக்கொண்டு எப்படித் துடைக்க வேண்டும், தண்ணீரை எந்த நிலையில் உட்காரவைத்துக் கொடுக்க வேண்டும், செயலிழந்த கையை எப்படிப் பிடிக்கக் கூடாது என்பவை பெரும்பாலும் இருக்காது. "நல்லாப் பாத்துக்குங்கம்மா" என்று வாசலில் சொல்லப்படும் ஒரே வாக்கியத்துக்குள் அவை அத்தனையும் அடங்கிவிடுகின்றன.

பல ஆண்டுகள் வார்டில் செவிலியராக இருந்துவிட்டு, இப்போது படுக்கையில் இருப்பவர்களை அவர்களுடைய வீடுகளிலேயே சென்று பார்த்துவரும் எனக்கு, இதில் உறுதியான கருத்து ஒன்று உண்டு. திருப்பிப் படுக்க வைப்பதும், உடம்பு துடைத்துவிடுவதும், வாய் கழுவிவிடுவதும் மாத்திரைக்கு அடுத்தபடியான ஒத்தாசை வேலைகள் அல்ல. மாத்திரையைப் போலவே அவற்றுக்கும் நேரமும் அளவும் முறையும் உண்டு. தவறினால் மாத்திரை தவறியதைவிட வேகமாக விளைவு தெரியும். ஆகவே அவை சீட்டில் எழுதப்பட வேண்டும், வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்குச் செய்து காட்டப்பட வேண்டும், அவரையே ஒருமுறை செய்யவைத்துப் பார்த்த பிறகுதான் நோயாளியை அனுப்ப வேண்டும். இந்தப் பதிவில், பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்து வீட்டில் படுத்திருக்கும் ஒருவரை மனத்தில் வைத்து, அந்த எழுதப்படாத பகுதியை என்னால் இயன்றவரை எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் தோல். ஆரோக்கியமாக இருக்கும் ஒருவர் தூக்கத்திலும் தன்னை அறியாமல் புரண்டுகொண்டே இருக்கிறார். ஒரே இடம் அழுந்தும்போது ஏற்படும் உறுத்தல் மூளைக்குப் போய், மூளை உடம்பைத் திருப்பிவிடுகிறது. பக்கவாதம் வந்தவருக்கு உறுத்தல் தெரியாமலிருக்கலாம், தெரிந்தாலும் திரும்ப இயலாமலிருக்கலாம். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சிக்கிய சதையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அழுந்தி, அங்கே இரத்தம் ஓடாமல் போகிறது. சில மணி நேரம் அப்படியே கிடந்தால் போதும், உள்ளே சதை சாகத் தொடங்கிவிடும். இடுப்புக்குக் கீழே வால் எலும்புப் பகுதி, குதிகால்கள், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, முழங்கை, தோள்பட்டை, பின்மண்டை, ஒருக்களித்துப் படுத்தால் காது மடல் ஆகியவையே முதலில் பாதிக்கப்படும் இடங்கள். புண் மேலே தெரியும்போது சிறியதாகவும் உள்ளே குழியாகவும் இருக்கும் என்பதை வீட்டார் பலர் அறிவதில்லை. ஆறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும், சில சமயம் ஆறாமலே போகும்.

1962-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த செவிலியர் டோரீன் நார்ட்டன், தம் உடன் பணியாற்றியவர்களோடு முதியோர் வார்டுகளில் நடத்திய ஆய்வை வெளியிட்டார். யாருக்குப் படுக்கைப்புண் வரக்கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்க அவர் ஓர் அளவுகோலைத் தந்தார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், கைகால் அசைவு, மலசல அடக்கம் என்று ஐந்து விஷயங்களுக்கு ஒன்று முதல் நான்கு வரை மதிப்பெண், மொத்தம் 20, 14-உம் அதற்குக் கீழும் வந்தால் எச்சரிக்கை. இன்றைய வார்டுகளில் 1987-இல் வந்த பிராடன் அளவுகோலையே கூடுதலாகப் பார்க்கலாம். ஆனாலும் வீட்டில் உள்ளவர்களுக்கு நார்ட்டனின் ஐந்து விஷயங்களே எளிது. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட ஒரு பெரியவரை அந்த ஐந்திலும் நிறுத்திப் பாருங்கள், முதல் நாளே எச்சரிக்கைக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார். அந்த எச்சரிக்கைக்கு நாம் செய்யக்கூடிய முதல் வேலை, எந்தக் களிம்பையும் தேடிப் போவதற்கு முன்னால், அழுத்தத்தை எடுத்துவிடுவதுதான். அதாவது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடது, மல்லாக்க, வலது என்று மாற்றிப் படுக்க வைப்பது.

திருப்புவதிலும் முறை இருக்கிறது. பக்கவாட்டில் முழுமையாகச் செங்குத்தாகப் படுக்க வைத்தால் உடம்பின் பாரம் முழுவதும் இடுப்பின் பக்கவாட்டு எலும்பில் இறங்கும். ஆகவே முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையைச் செருகி, ஏறத்தாழ முப்பது டிகிரி சாய்வில் மட்டும் வைக்க வேண்டும். இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை வைக்க வேண்டும். மல்லாக்கப் படுத்திருக்கும்போது கெண்டைக்காலுக்குக் கீழே ஒரு மெல்லிய தலையணையை நீளவாக்கில் வைத்துக் குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்ய வேண்டும். கட்டிலில் கீழே சரிந்துவிட்டவரை அக்குளில் கைகொடுத்து மேலே இழுப்பது, அநேகமாக எல்லா வீடுகளிலும் நடக்கிற தவறு. அப்படி இழுக்கும்போது தோல் படுக்கையோடு ஒட்டிக்கொண்டு பின்தங்க, எலும்பு மட்டும் மேலே நகர்கிறது. நடுவிலுள்ள சதை உள்ளுக்குள்ளேயே கிழிபடுகிறது. வார்டில் இதற்கு டிரா ஷீட் போடுவோம். வீட்டில் ஒரு பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடை வரை கீழே விரித்து வைத்துவிட்டால், இருபுறமும் இரண்டு பேர் நின்று வேட்டியைச் சுருட்டிப் பிடித்து, உடம்பை இழுக்காமல் தூக்கி நகர்த்தலாம். வேட்டியில் சுருக்கம் இருக்கக் கூடாது. தட்டிலிருந்து விழுந்த சோற்றுப் பருக்கை காய்ந்து அடியில் கிடந்தாலும் அது தோலைக் கிழிக்கப் போதுமானது.

படுக்கைப்புண்ணின் முதல் அறிகுறி சிவப்பு என்று பாடப் புத்தகங்கள் சொல்கின்றன. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்து மீண்டும் சிவக்க வேண்டும். அழுத்தியும் வெளுக்காவிட்டால் அது முதல் நிலைப் புண். வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதப்பட்ட இந்த அடையாளம் நம் ஊர்க் கறுத்த தோலில் அப்படியே தெரிவதில்லை. ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிட அந்த இடம் சூடாகவோ, சில்லென்றோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருந்தால், அல்லது சுற்றுப்புறத்தைவிடக் கருத்தோ ஊதா கலந்தோ மினுமினுப்பாகவோ தெரிந்தால், அங்கே அழுத்தம் வேலை செய்யத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தப் பக்கமாக அவரைப் படுக்க வைப்பதை உடனே நிறுத்த வேண்டும்.

அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முதுகுக்கு ஸ்பிரிட் தடவி, நன்றாகத் தேய்த்து, மேலே பவுடர் போடுவது ஒரு காலத்தில் ஒவ்வொரு வார்டிலும் காலை மாலைக் கடமையாக இருந்தது. எங்கள் தலைமுறைக்கும் அதுவே கற்பிக்கப்பட்டது. ஸ்பிரிட் தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையை உலர்த்திவிடுகிறது. பவுடர் வியர்வையோடு சேர்ந்து கட்டியாகி மடிப்புகளில் உறுத்துகிறது. ஏற்கெனவே இரத்த ஓட்டம் குன்றிய இடத்தைத் தேய்த்தால் உள்ளிருக்கும் மெல்லிய குழாய்கள் மேலும் சிதைகின்றன. ஆகவே அந்த முறை கைவிடப்பட்டுவிட்டது. நடுவில் துளையுள்ள காற்று வளையத்தின் மேல் உட்காரவைப்பதும் அவ்வாறே கைவிடப்பட்டது, ஏனென்றால் அந்த வளையத்தின் விளிம்பே சுற்றிலும் அழுத்தி நடுப்பகுதிக்கு இரத்தம் போகாமல் செய்துவிடுகிறது. மருத்துவமனைகள் விட்டுவிட்ட இவ்விரண்டும் வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அனுபவமுள்ள ஒரு பெரியம்மா அன்போடு சொல்லிக் கொடுத்தவையாக இருப்பதால் அவற்றை விலக்குவதற்குப் பொறுமை வேண்டும். தேங்காய் எண்ணெயை லேசாகத் தடவி ஈரப்பசையைக் காப்பாற்றுவதில் தவறில்லை. நிறம் மாறிய இடத்தைக் கசக்காமல் விட வேண்டும், அவ்வளவே.

நான் பார்க்கச் செல்லும் ஒரு வீட்டில், மாமியாரைப் பார்த்துக்கொள்ளும் மருமகள் கட்டில் தலைமாட்டில் ஒரு தினசரிக் காலண்டரைத் தொங்கவிட்டிருக்கிறார். தாளின் பின்பக்கத்தில் மணியைப் போட்டு, பக்கத்தில் இ, ம, வ என்று ஒவ்வொரு எழுத்து. இடது, மல்லாக்க, வலது. மகனும் மருமகளும் மாறி மாறிப் பார்த்துக்கொள்வதால், யார் வந்தாலும் கடைசி எழுத்தைப் பார்த்து அடுத்ததைச் செய்கிறார்கள். திருப்பும் முன் அவர் ஒவ்வொரு முறையும், "அத்தை, வலது பக்கமாத் திருப்பப் போறேன், இந்தக் கையை நெஞ்சு மேல வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத்தான் தொடுகிறார். மாமியாருக்குப் பேச்சு வருவதில்லை. ஆனாலும் சொன்னவுடன் நல்ல கையால் செயலிழந்த கையைத் தூக்கி நெஞ்சின்மேல் வைத்துக்கொள்கிறார். பேச்சு போனவருக்குப் புரிதலும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் புரட்டுகிற வீடுகளும் வார்டுகளும் ஏராளம். நோயாளி பயந்து விறைத்துக்கொள்வதும், திருப்புகிறவரின் கையை இறுகப் பற்றிக்கொள்வதும், கட்டில் கம்பியில் இடித்துக்கொள்வதும் அங்கேதான் நடக்கின்றன. முன்னால் சொல்லிவிட்டுத் தொடுவது மரியாதைக்காக மட்டுமல்ல, பாதுகாப்புக்காகவும்தான்.

அடுத்து தண்ணீரும் சாப்பாடும். பக்கவாதத்துக்குப் பின் பலருக்கு விழுங்கும் திறன் பாதிக்கப்படுகிறது. உணவுக்குழாய்க்குள் போக வேண்டியது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நுரையீரலில் கிருமி பிடித்து நிமோனியா வருகிறது. பக்கவாதம் வந்தவர்களின் உயிருக்கு ஆபத்தான சிக்கல்களில் இது முக்கியமானது. நம் பழக்கம் ஒன்றை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். எச்சில் படக் கூடாது என்பதற்காக நாம் தலையை அண்ணாந்து, வாயில் படாமல் தண்ணீரை ஊற்றிக் குடிக்கிறோம். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு இதைவிட ஆபத்தான நிலை வேறில்லை; தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாயின் வாசல் திறந்துகொடுக்கிறது, தண்ணீரோ வேகமாகத் தொண்டைக்குள் இறங்குகிறது. வயதானவர்களைப் படுக்க வைத்தபடியே பாலாடையில் கஞ்சி புகட்டுவதும் அதே ஆபத்தைத் தருவதுதான். முதுகுக்கு முட்டுக் கொடுத்து நன்றாக நிமிர்ந்து உட்காரவைத்து, தாடை சற்றே கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, சிறிய ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, ஒரு வாய் விழுங்கி முடித்த பின்பே அடுத்த வாய் கொடுக்க வேண்டும். கொடுப்பவர் நின்றுகொண்டு கொடுத்தால் நோயாளி அண்ணாந்து பார்க்க வேண்டிவரும் என்பதால், எதிரில் அதே உயரத்தில் உட்கார்ந்து கொடுப்பது நல்லது.

தண்ணீர்தான் எளிதாக இறங்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். தண்ணீர் ஓடும் வேகத்துக்குத் தொண்டை ஈடுகொடுக்க முடியாமல் போவதால், பலருக்குக் கெட்டியான கஞ்சியைவிடத் தண்ணீரே அதிகப் புரையேற்றத்தைத் தருகிறது. யாருக்கு எந்தப் பதத்தில் தரலாம் என்பதை விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்த்த மருத்துவரோ பேச்சுப் பயிற்சியாளரோ சொல்ல வேண்டும். வீட்டுக்குப் புறப்படும் முன் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். விழுங்கிய பிறகு குரல் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் களகளவென்று கேட்டால், இருமினால், கண்ணில் நீர் வந்தால், மூச்சு வாங்கினால் கொடுப்பதை நிறுத்திவிட வேண்டும். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கிவிடுவதும் உண்டு என்பதால், அடிக்கடி காய்ச்சலும் சளியும் வருவதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சாப்பாடு முடிந்ததும் செயலிழந்த பக்கத்துக் கன்னத்துக்குள் விரலில் துணி சுற்றித் தடவிப் பார்த்தால், அங்கே ஒரு கவளம் அப்படியே ஒதுங்கியிருப்பதைப் பலமுறை காணலாம். அவருக்கே அது தெரிந்திருக்காது. கடித்துவிடக்கூடியவராக இருந்தால் விரலுக்குப் பதிலாக ஸ்பூன் காம்பில் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். சாப்பிட்ட பின் குறைந்தது அரைமணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு உணவு செல்பவருக்கும் தலைப்பக்கம் முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி உயர்ந்திருக்க வேண்டும் என்பது அதே காரணத்துக்காகத்தான்.

வாய்ச் சுத்தம் இதோடு நேரடியாக இணைந்தது. வாய்வழியாகச் சாப்பிடாதவருக்குப் பல் துலக்க வேண்டியதில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள். மெல்லாத வாயில் எச்சில் சுரப்பு குறைந்து, நாக்கில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ படலம் கட்டி, கிருமிகள் பெருகுகின்றன. அந்த எச்சில் துளித்துளியாக நுரையீரலுக்குள் இறங்கினால் உணவு இறங்காமலே நிமோனியா வரும். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடத்தப்பட்டு 1999-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பராமரிப்பாளர்கள் பல் துலக்கிவிட்டவர்களுக்கு, அவ்வாறு செய்யப்படாதவர்களைவிட நிமோனியா குறைவாகவே வந்தது. பல்லே இல்லாதவர்களுக்கும் அந்தப் பலன் இருந்தது என்பதுதான் நான் மாணவிகளிடம் தவறாமல் சொல்வது. தெளிவில்லாமல் படுத்திருப்பவரை ஒருக்களித்துத் திருப்பி, கன்னத்துக்கு அடியில் ஒரு துண்டும் கிண்ணமும் வைத்து, மிகக் குறைந்த ஈரத்தோடு மென்மையான பிரஷ்ஷையோ துணி சுற்றிய ஸ்பூன் காம்பையோ பயன்படுத்தி, ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கு என்று துடைத்து எடுக்க வேண்டும். மல்லாக்க வைத்து வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளிக்கச் சொல்லவே கூடாது. பல் செட்டை இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும். கடைசியில் உதட்டுக்குக் கொஞ்சம் வாஸலின்.

உடம்பு துடைப்பதைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனென்றால் வீட்டுப் பெண்கள் இதை நன்றாகவே செய்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். கண்களை முதலில், மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, ஒவ்வொரு கண்ணுக்கும் துணியின் வெவ்வேறு முனையால் துடைக்க வேண்டும். முகம், கைகள், மார்பு, வயிறு, கால்கள், முதுகு என்று போய், மறைவிடத்தைக் கடைசியில், தண்ணீரையும் துணியையும் மாற்றிக்கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். பெண்களுக்கு எப்போதும் முன்னிருந்து பின்னாக மட்டுமே துடைக்க வேண்டும். எதிர்த்திசையில் துடைத்தால் மலத்திலுள்ள கிருமி சிறுநீர்த் தாரைக்குப் போய்விடும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிச் சுத்தம் செய்த பிறகு, அதைப் பழையபடி முன்னே கொண்டுவந்து விட்டுவிட வேண்டும். விடாமல் போனால் வீங்கி இறுகி, அவசரமாக மருத்துவமனைக்கு ஓட வேண்டிய நிலை வரும். கூச்சத்தால் இதை யாரும் வீட்டாருக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. மகளோ மருமகளோ இதைச் செய்ய நேரும்போது இருவருக்குமே சங்கடமாக இருக்கும் என்பதை உணர்ந்து, முடிந்தால் ஒரு ஆண் உறவினருக்கு இந்தப் பகுதியை மட்டும் கற்றுக்கொடுத்துவிடுவது என் வழக்கம். கதவைச் சாத்தி, ஜன்னல் திரையை இழுத்து, துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து மற்றதை மூடி வைப்பதற்குக் கூடுதலாக ஒரு நிமிடம்கூட ஆகாது. தண்ணீரில் கிருமிநாசினித் திரவத்தைக் கலப்பது தேவையில்லாதது, தோலை உலர்த்துவது.

துடைக்கும் நேரம்தான் பார்க்கும் நேரமும்கூட. காய்ச்சலையும் நாடியையும் குறித்துக்கொள்வதில் தெரியாத பலவற்றை, ஈரத்துணி வைத்திருக்கும் கை கண்டுபிடித்துவிடும். அவற்றில் ஒன்றை மட்டும் இங்கே சொல்கிறேன். ஒரு கெண்டைக்கால் மற்றதைவிடப் பருத்து, சூடாக, தொட்டால் முகம் சுளிக்கும் அளவுக்கு வலியோடு இருந்தால், உள்ளே நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கலாம். செயலிழந்த காலுக்குத் தைலம் போட்டு உருவிவிடுவது நம் வீடுகளின் அன்றாட வழக்கம். இந்த நிலையில் அப்படி உருவினால் அந்த உறைகட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிரைப் பறித்துவிடும். வீங்கிய காலை ஒருநாளும் உருவக் கூடாது, உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அதேபோல, உணர்ச்சி குறைந்த பக்கத்துக்கு ஒத்தடம் கொடுப்பது. வெந்நீர்ப் பையோ, வறுத்த உப்பு மூட்டையோ, சுட்ட செங்கல்லோ, எதுவாயினும் சூடு பொறுக்கிறதா என்று நோயாளியைக் கேட்டுக் கொடுப்பதுதான் நம் முறை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய தோலே மரத்துப் போயிருக்கும்போது, "சூடு தெரியலையே, இன்னும் கொஞ்சம் வை" என்றுதான் அவர் சொல்வார். கொப்புளம் மறுநாள் தெரியும். சர்க்கரை நோய் உள்ளவராக இருந்தால் அந்தக் கொப்புளம் ஆறாத புண்ணாகும்.

செயலிழந்த கையைப் பிடித்து யாரையும் எழுப்பக் கூடாது. தோள் மூட்டைத் தாங்கிப் பிடிக்கும் தசைகள் தளர்ந்துவிட்டதால், அந்தக் கையை இழுத்தால் மூட்டு கீழே இறங்கி நழுவிவிடும். பிறகு அந்தத் தோள் வலி, கை தேறிவரும்போதுகூட அதை அசைக்கவிடாது. சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் சட்டையும் நைட்டியும் இதற்கு வசதி. உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கை தொங்கக் கூடாது, மடியில் ஒரு தலையணை வைத்து அதன்மேல் இருக்க வேண்டும்.

சிறுநீர்க் குழாய் போட்டு அனுப்பியிருந்தால், பையை எப்போதும் சிறுநீர்ப்பை இருக்கும் மட்டத்துக்குக் கீழேதான் வைத்திருக்க வேண்டும். திருப்பிப் படுக்க வைக்கும்போது பையைத் தூக்கிப் படுக்கையின் மேல் வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் இறக்குவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பையிலுள்ள பழைய சிறுநீர் அந்த ஒரு நிமிடத்தில் உள்ளே திரும்பி ஓடிவிடும். தரையிலும் படக் கூடாது, கட்டில் சட்டத்தில் தொங்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்புவதற்குள் காலி செய்து, அதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டு முழுமையாகக் கை கழுவ வேண்டும். பல மணி நேரமாகச் சிறுநீரே இறங்காவிட்டால் முதலில் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, மடங்கவில்லை என்றால் தாமதிக்காமல் தெரிவிக்க வேண்டும். முதியவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று காய்ச்சலாக வெளிப்படாமல், திடீரென்று குழப்பமாகப் பேசுவதாகவோ ஓயாமல் தூங்குவதாகவோ வெளிப்படலாம். அதை வயதின்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. டயபர் போடுபவர்களுக்கு, திருப்பிப் படுக்க வைக்கும் ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து பார்ப்பது பழக்கமாக வேண்டும். மலம் பட்ட தோல் அழுத்தத்தைத் தாங்காது.

விழுந்துவிடாமல் காப்பது, நோயாளி தேறத் தொடங்கும்போதுதான் பெரிய வேலையாகிறது. முழுமையாகப் படுத்திருப்பவர் அரிதாகவே விழுவார். தன்னால் நடக்க முடியும் என்ற நம்பிக்கை வந்து, கால் அந்த நம்பிக்கையை இன்னும் எட்டாமலிருக்கும் நாட்களில், இரவு நேரத்தில், கழிவறைக்குப் போகும் வழியில்தான் விழுகிறார்கள். படுக்கையிலிருந்து எழுந்தவுடன் நிற்காமல், கால்களைத் தொங்கவிட்டு ஓரிரு நிமிடம் உட்கார்ந்திருந்து, தலைசுற்றல் இல்லை என்று தெரிந்த பின்பே நிற்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது மிகவும் அவசியம். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு எரிய வேண்டும், மிதியடியை எடுத்துவிட வேண்டும், டைல்ஸ் தரை ஈரமாக இருக்கக் கூடாது. கட்டிலுக்குப் பக்கவாட்டுக் கம்பி போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று எண்ணிவிட முடியாது. மனக் குழப்பத்தில் இருப்பவர் கம்பியின்மேல் ஏறித் தாண்ட முயன்று, கம்பி இல்லாவிட்டால் விழுந்திருக்கக்கூடிய உயரத்தைவிட அதிக உயரத்திலிருந்து விழுவார். அவர் ஏன் எழ முயல்கிறார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் சிறுநீர் கழிக்கத்தான். படுக்கும் முன்பும் நள்ளிரவிலும் தாமாகவே கேட்டு யூரினலையோ பெட்பானையோ கொடுத்துவிட்டால் பாதி விழுதல்களைத் தவிர்க்கலாம் என்பது என் அனுபவம். கைகளைக் கட்டிப்போடுவதை, உயிர்காக்கும் குழாயைப் பிடுங்கிவிடுவார் என்ற நிலையில் மருத்துவர் எழுதிக் கொடுத்தாலன்றி, நான் ஏற்பதில்லை.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தனியாகவே சுமக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மருந்துகளை வீட்டில் கொண்டுவந்து தருவதோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டிலேயே தருவதற்கு இடம் இருக்கிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். செவிலியர் வந்தால் புண்ணுக்குக் கட்டுப்போட்டு விட்டுப்போவதோடு நிறுத்திக்கொள்ளச் செய்யாமல், திருப்புவதையும் வாய் துடைப்பதையும் உங்கள் கையால் செய்து காட்டி, சரியா என்று கேளுங்கள். மருத்துவமனையிலிருந்து புறப்படும் நாளில் வார்டு சிஸ்டரிடமும் இதையே கேளுங்கள். எத்தனை வேலை நெருக்கடியில் இருந்தாலும், செய்து காட்டச் சொல்லிக் கேட்கிறவருக்குச் செய்து காட்டாமல் விடும் செவிலியர்கள் மிகச் சிலரே.

பார்த்துக்கொள்பவரின் முதுகையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தாழ்வான கட்டிலில் குனிந்தபடி ஒரு நாளைக்குப் பலமுறை ஒருவரைத் திருப்பினால் சில வாரங்களில் திருப்புகிறவரும் படுத்துவிடுவார். நோயாளி தாமாக எழ முடியாத நிலையில் இருக்கும்வரை, கட்டிலின் நான்கு கால்களையும் உறுதியான மரக்கட்டைகளின்மேல் ஏற்றி, நின்றபடி வேலை செய்யும் உயரத்துக்குக் கொண்டுவரலாம். அவர் எழுந்து நிற்கத் தொடங்கியதும் மறக்காமல் இறக்கிவிட வேண்டும். இரவு முழுவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுவது ஒரே ஆளால் இயலாத காரியம். அழுத்தத்தைக் குறைக்கும் நல்ல மெத்தையோ ஏர் பெட்டோ போட்டு, காலையில் பார்க்கும்போது தோலில் எந்த மாற்றமும் இல்லை என்றால், இரவில் மட்டும் இடைவெளியை நான்கு மணி நேரம்வரை நீட்டிக்கலாமா என்று உங்கள் செவிலியரிடமோ மருத்துவரிடமோ கேளுங்கள். முடியும் என்று சொன்னால் படுக்கப் போகும் பத்து மணிக்கு ஒருவரும், இரண்டு மணிக்கு மற்றொருவரும், விடியற்காலை ஆறு மணிக்கு முதலில் தூங்கி எழுந்தவரும் திருப்பும்படி பிரித்துக்கொள்ளலாம். அந்த இரண்டு மணி முறையை வீட்டில் உள்ள ஆண்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கொள்கிறேன். மூன்று வேளைச் சமையலும் பகல் முழுவதுமான பராமரிப்பும் ஏற்கெனவே பெண்ணின் தலையில்தான் இருக்கின்றன.